வெள்ளிக்கிழமை விரதம் பிடிச்ச ட்ரக்டர்

போன வெள்ளிக்கிழமை எங்கடை ஒழுங்கையிலை ஒரே சனம். செத்த வீடுமில்லை, கலியாண வீடுமில்லை. ஒரு சின்ன ட்ரக்டரைச் சுத்தி நிண்டு எல்லாரும் அதின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை.

ட்ரக்டருக்கு முகம் இருக்கோ எண்டு கேப்பியள். ஏன் இல்லை? ரெண்டு லைற்றும் கண். முன்னாலை இருக்கிற கம்பி வலை வாய். அண்டைக்கு அந்த வாய் இறுக்கி மூடிக் கிடந்தது — மருந்து குடிக்கமாட்டன் எண்டு நிக்கிற பிள்ளை மாதிரி.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நான் போனுக்குள்ளை கதைக்கிறன், பேப்பர்க் கந்தோரிலை இருக்கிற பிள்ளை கேட்டு எழுதுறா. ஆனபடியால் எழுத்துப் பிழையெல்லாம் அவவின்ரை, கதைப் பிழையெல்லாம் என்ரை. சரி, விசயத்துக்கு வாறன்.

அந்த ட்ரக்டர் என்ரை மகள் கௌரியின்ரை. சின்னஞ்சிறிசு. பெரிய ட்ரக்டர் நுழையேலாத ஒழுங்கையள், வீட்டுக்கும் வேலிக்கும் நடுவிலை கிடக்கிற துண்டுக் காணியள்... அதுக்கெண்டே அளவெடுத்துச் செய்த சாமான். மருமகனுக்குக் கொழும்பிலை வேலை. மாதத்துக்கு ஒருக்கால் வருவார், நித்திரை கொள்ளுவார், போவார். கௌரி தானே பழகி, தானே லைசன் எடுத்து, தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு ஏறி இருந்தாளெண்டால் — எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேலாது. படலையிலை நிண்டு பாத்துக்கொண்டே நிப்பன். அடுப்பிலை கறி அடிப்பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஆனால் எல்லாருக்கும் அந்தப் புளுகம் இல்லைத்தானே?

கௌரியின்ரை மாமி, அதாவது என்ரை சம்பந்தியம்மா, அவளோடைதான் இருக்கிறா. நல்ல மனிசி. சைவப்பழம். நான் அவவைக் குறை சொல்லேல்லை. இனித்தான் சொல்லப்போறன்.

மிசின் வந்த அண்டே அவ சொல்லிப்போட்டா, ஊர்க்கண் முழுக்க இதிலைதான் எண்டு. பொம்பிளை மிசின் ஓடுறதெண்டால் ரெட்டிப்புக் கண்ணாம். அடுத்த கிழமையே கீரிமலைக்குப் போய்க் கேணியிலை முழுகி, கோயில் திருநீறை ஒரு பட்டுப் பையிலை கட்டிக்கொண்டு வந்தா. மிசினிலை எங்கை கொழுவுறது? கால் படுற இடம் கூடாது. ஸ்ரேறிங்கிலை கட்டினால் கை தடக்கும். இஞ்சின் மூடியிலை வைச்சால் சுடும். தேடித் தேடி, ஓடுற ஆளுக்கு முன்னாலை, மீற்றருக்குப் பக்கத்திலை நீட்டிக்கொண்டு நிண்ட ஒரு சிவப்புக் குமிழிலை கொழுவியாச்சு. பாக்க வடிவாயும் இருந்தது. நானும் சொன்னனான், வடிவா இருக்கு எண்டு.

அதோடை ஒரு சட்டமும் போட்டா. மீன் காய்ச்சிற நாளிலை பை மிசினிலை இருக்கக் கூடாது, கழட்டிச் சாமியறையிலை வைக்கவேணும். மரக்கறி நாளிலை திரும்பக் கொழுவவேணும். அவையின்ரை வீட்டிலை மரக்கறி நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளிலை மீன் இல்லாட்டில் அந்தச் சைவப்பழத்துக்கே சோறு இறங்காது.

அங்கைதான் சனி பிடிச்சது. இல்லையில்லை... சனியிலை ஒரு கரைச்சலும் இல்லை. வெள்ளி பிடிச்சது.

முதல் வெள்ளிக்கிழமை கௌரி திறப்பைத் திருப்புறாள், ஸ்ராட்டர் கர்ர் கர்ர் எண்டு சுத்துது, இஞ்சின் பிடிக்குதில்லை. கனநேரம் முக்கி, இருமி, பேந்து ஒருமாதிரி எழும்பிச்சுது. அடுத்த நாள் தொட்டவுடனை எழும்பி ஓடுது. வெயிலோ, பனியோ, ஏதோ எண்டு விட்டிட்டம்.

ரெண்டாம் வெள்ளி இன்னும் மோசம். சம்பந்தியம்மாவுக்கு உடனை விளங்கிட்டுது — திருநீறு மட்டும் போதாது, காணாது. ஒரு பித்தளை மணி வந்து சேந்தது. அதுக்கடுத்த வெள்ளி எலுமிச்சம்பழ மாலை. அதுக்கும் பேந்து, நேத்தி வைச்சு மஞ்சள் துணியிலை முடிஞ்ச ஒரு முழுத் தேங்காய். ஒரு குமிழிலை ஒரு கோயிலே தொங்குது. மிசின் கஷ்டப்படக் கஷ்டப்பட நேத்தி கூடிச்சுது. நேத்தி கூடக்கூட மிசின் இன்னும் கஷ்டப்பட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்? இன்னும் காணாது எண்டுதானே!

இனி வைத்தியர்மார் வந்தினம். எங்கடை ஆக்களிட்டை ஒரு நல்ல பழக்கம் இருக்கு. உங்களுக்கு நோய் வருத்தம் எண்டால் எட்டிப் பாக்க நேரமிராது. உங்கடை வாகனத்துக்கு வருத்தம் எண்டால் வாசிச்சுக்கொண்டிருந்த பேப்பரையும் போட்டிட்டு ஓடி வருவினம்.

முதல் வந்தவர் பென்சன் எடுத்த ஒரு மாஸ்ரர். பற்றரியைத் திறந்து பாத்திட்டு, வயர் பூட்டுற இடத்திலை பச்சை பூத்துக் கிடக்கு, கரண்ட் எப்பிடி வரும் எண்டு கேட்டார். சுடுதண்ணி விட்டுக் கழுவி, உரஞ்சி, கிறீஸ் பூசினவை. திறப்பைத் திருப்ப ஒரே அடியிலை எழும்பிச்சுது. அண்டைக்குச் சனிக்கிழமை. மாஸ்ரர் அந்தச் சந்தோசத்திலை ஒழுங்கை ஒழுங்கையா நடந்து போனார், அவருக்கு வேறை அலுவல் இருக்கேல்லை.

பேந்து ஒரு பழைய லொறிக்காரர். டீசலுக்கை தண்ணி எண்டார். டீசல் இல்லாமல் வரிசையிலை நிண்ட காலத்திலை எல்லாரும் கானிலை நிறைச்சு ஒளிச்சு வைச்சவைதானே. கௌரியும் ஆரிட்டையோ ஒரு பழைய கான் வாங்கி ஊத்தியிருக்கிறாள். டீசல் தாங்கியின்ரை அடியைத் திறக்க உண்மையாய்த் தண்ணி வந்தது. பில்ரர் மாத்தி, டீசல் போற குழாயிலை நிண்ட காத்தைத் திறந்து விட்டு, நுரை அடங்கித் தனி டீசல் வரும்வரை பம்பை அமத்தி... எழும்பிச்சுது. அண்டைக்குப் புதன். அவரும் ரெண்டு பிளேன்ரீ குடிச்சிட்டுத் தோளை நிமித்திக்கொண்டு போனார். இன்னொருத்தர் வந்து காத்து இழுக்கிற பில்ரரைக் கழட்டித் தட்டினார். அதுக்குள்ளை இருந்து வந்த செம்மண்ணிலை ஒரு வெங்காயப் பாத்தி போடலாம். அண்டைக்கு ஞாயிறு. அவரும் வெண்டிட்டார்.

ஒண்டைச் சொல்லவேணும். அவை கண்டுபிடிச்ச வருத்தமெல்லாம் மிசினுக்கு இருந்ததுதான். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. ஆனால் எல்லாரும் மீன் நாளிலை வந்து வெண்டிட்டுப் போக, வெள்ளிக்கிழமை கௌரி தனிய நிண்டு தோத்துக்கொண்டிருந்தாள்.

கனடாவிலையிருந்தும் வைத்தியம் வந்தது. சம்பந்தியம்மாவின்ரை இளைய மகன் சுதன் அங்கைதான். வீடியோ கோலிலை வந்து, மிசினைக் காட்டுங்கோ எண்டார். காட்டினம். ஹீற்றர் பிளக் பழுதாப் போச்சுது, இஞ்சினைச் சூடாக்கித்தான் எடுக்கவேணும், தன்ரை கார் பனிக்குள்ளை நிக்கேக்கை தான் அப்பிடித்தான் செய்யிறவர் எண்டார். பொடியன் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நிண்டு சொல்லுது. இஞ்சை கோழியள் வாயைத் திறந்துகொண்டு நிழலிலை படுத்திருக்குதுகள். இந்த வெயிலிலை எதைச் சூடாக்கிறது? ஆனால் தம்பியார் பாசத்திலை சொல்லுறார், நானும் தலையை ஆட்டினன். அவருக்கும் அப்ப தலை நிறைய யோசினை. அவற்றை மனிசிக்குப் பிள்ளை பிறக்கிற மாதம்.

கடைசியிலை ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சம். பருத்தித்துறையிலை வள்ளங்களின்ரை இஞ்சின் திருத்திறவர், பேர் சின்னராசு. அவருக்கு நேரம் வாய்ச்சது ஒரு வெள்ளிக்கிழமை. அப்பாடா, வருத்தம் உள்ள நாளிலை வைத்தியர் வந்திட்டார் எண்டு கௌரிக்கு நிம்மதி. மனிசன் மிசினுக்குக் கிட்டப் போய் நிண்டிட்டு, ரெண்டு கையையும் பின்னாலை கட்டிக்கொண்டார்.

"அம்மா, உந்தச் சாமிச் சாமானை ஆரும் கழட்டுங்கோ. நான் காலமை சூடை மீனோடை பாண் திண்டிட்டு வந்தனான்."

சம்பந்தியம்மாவுக்கு அவரிலை பெரிய மரியாதை வந்திட்டுது. தானே கழட்டி, பிள்ளையைத் தூக்கிற மாதிரி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு நிண்டா. சின்னராசு ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். படபடபட எண்டு எழும்பிச்சுது. அவர் கௌரியைப் பாத்தார். இதுக்கோ என்னைப் பருத்தித்துறையிலையிருந்து இழுத்தனி எண்ட பார்வை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டார். சம்பந்தியம்மா எல்லாத்தையும் திரும்பக் கொழுவினா. கௌரி திறப்பைத் திருப்பினாள். கர்ர்... கர்ர்... கர்ர்.

கௌரி அவருக்குப் போன் எடுத்துச் சொல்ல, நான் நிக்கேக்கை எழும்புது பிள்ளை, உங்களோடைதான் அதுக்கு ஏதோ கோவம் எண்டாராம்.

இனிச் சண்முகத்தாற்றை கதைக்கு வருவம். அவரிட்டை ஒரு லாண்ட்மாஸ்ரர் இருக்கு, கையாலை பிடிச்சு உழுகிற ரெண்டு சில்லு மிசின். கௌரி வரமுந்தி எங்கடை பக்கத்துத் துண்டுக் காணியெல்லாம் அவற்றை ராச்சியம். அவர் கடையடியிலை நிண்டு ஒரு பகிடி விட்டார். பொம்பிளை ஓடுற மிசின் பொம்பிளையள் மாதிரி வெள்ளி விரதம் பிடிக்குது எண்டு.

பகிடி எங்கடை ஊரிலை நடக்காது பிள்ளையள், பறக்கும். ரெண்டு நாளிலை அது பகிடியுமில்லை, செய்தி. ஒரு கிழவி உண்மையாய் வந்து இஞ்சின் மூடியைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திக்கொண்டு போச்சுது. நான் என்ரை கண்ணாலை கண்டனான். எனக்குச் சிரிப்பு அடங்கேல்லை. கௌரி சிரிக்கேல்லை.

ஏன் சிரிக்கேல்லை எண்டால், சம்பந்தியம்மா முடிவெடுத்திட்டா. விரதம் பிடிக்கிற மிசின் வீட்டுக்கு ஆகாது. வாற வெள்ளியும் எழும்பாட்டில் வித்துப்போட்டு, கௌரி குசினியைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும். மருமகனும் போனிலை ஓம் எண்டிட்டார். அவருக்கு அம்மா சொன்னால் ஓம், கௌரி சொன்னாலும் ஓம். ஆர் கடைசியாய்ச் சொல்லுகினமோ அவை வெண்ட ஆக்கள்.

அந்த வெள்ளியெண்டு பாத்துத்தான் எதிர்வீட்டுத் தவமணி ரீச்சரின்ரை காணியை உழவேண்டி வந்தது. மழை விட்டு, மண் பிடிச்சால் உதிர்ற பதத்திலை நிக்குது. ரீச்சர் வீட்டு விறாந்தையிலை விதை வெங்காயம் பச்சையாய் முளை விட்டுக்கொண்டு கிடக்கு. இன்னும் பிந்தினால் எறியவேண்டியதுதான். வியாழன் உழுவம் ரீச்சர், வியாழன் மிசின் எழும்பும் எண்டு கௌரி கெஞ்சிப் பாத்தாள். ரீச்சர் சம்மதிக்கேல்லை. முதல் உழவு வெள்ளிக்கிழமை நல்ல நேரத்திலைதானாம். அவ சயன்ஸ் படிப்பிச்ச ரீச்சர்.

அதுதான் நான் முதல் சொன்ன கூட்டம். நல்ல நேரம் முடியமுந்தி மிசின் எழும்புமோ எண்டு பாக்க வந்த சனம். சண்முகத்தார் தன்ரை லாண்ட்மாஸ்ரரை ஒழுங்கை வாசலிலை கொண்டுவந்து விட்டிட்டு, இஞ்சினை நிப்பாட்டாமல் நிண்டார். ஏன் அண்ணை சும்மா ஓடவிடுறியள் எண்டு கேட்டன். சும்மாதான் எண்டார்.

கௌரி திறப்பைத் திருப்பினாள். கர்ர்... கர்ர்... இல்லை. மாஸ்ரர் பற்றரி எண்டார். லொறிக்காரர் டீசல் எண்டார். ரெண்டு பேரும் தங்கடை தங்கடை வருத்தத்துக்காகச் சண்டை பிடிக்கத் தொடங்கிச்சினம். திரும்பவும் திருப்பினாள். இப்ப ஸ்ராட்டரின்ரை சத்தமும் இறங்கிட்டுது, நித்திரையிலை முனகிற மாதிரி. இன்னும் ஒருக்கால்தான் பற்றரி தாங்கும், அதோடை சரி எண்டு மாஸ்ரர் சொன்னார். அந்த ஒருக்காலை எப்ப எடுக்கிறது எண்டு தெரியாமல் கௌரி திறப்பிலை கையை வைச்சபடி இருக்கிறாள். ரீச்சர் சண்முகத்தாரைத் திரும்பிப் பாக்கிறா.

அப்ப பாத்துச் சம்பந்தியம்மாவின்ரை போன் அடிச்சது. கனடா. சுதன் அழுகிறானோ சிரிக்கிறானோ தெரியேல்லை. பொடியன் பிறந்திட்டானாம். தாயும் பிள்ளையும் சுகம்.

சம்பந்தியம்மா போனை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு அழுதா. சனமெல்லாம் வாழ்த்துச் சொல்ல, சண்முகத்தாரும் சிரிச்சுக்கொண்டு கிட்ட வந்தார். திடீரெண்டு மனிசி அழுகையை நிப்பாட்டினா. ரெண்டு அடி பின்னாலை போனா. முகம் மாறிட்டுது.

"துடக்கு வந்திட்டுது."

விளங்குதே? அவையின்ரை குடும்பத்திலை பிள்ளை பிறந்திட்டுது, அந்தத் தீட்டு. கடலுக்கு அங்காலை பிறந்தால் என்ன, துடக்குக்கு விசா தேவையில்லை, உடனை வந்திடும். முப்பத்தொண்டாம் நாள் முடியும்வரை சாமியறை பூட்டு. சாமிச் சாமான் ஒண்டும் அந்த வீட்டு ஆக்கள் தொடக் கூடாது. ஆனால் சாமிச் சாமான் முழுக்க மிசினிலை தொங்குது, மிசினிலை துடக்குக்காரி கௌரி இருக்கிறாள்!

"சம்பந்தி, கெதியா வாங்கோ. உங்களுக்குத் துடக்கில்லை, நீங்கள் கழட்டுங்கோ. நானும் பிள்ளையும் தொடேலாது."

நான் போய்க் கழட்டினன். பையும் மணியும் எலுமிச்சம்பழமும் தேங்காயும் ஒரே குலையாய் வந்தது. நல்ல பாரம். தூக்கி எடுக்கேக்கை கை பட்டு அந்தச் சிவப்புக் குமிழ் டக் எண்டு உள்ளுக்கை போனது. நான் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை, தேங்காய் காலிலை விழக்கூடாது எண்டதுதான் என்ரை யோசினை.

கௌரி குமிழைப் பாத்தாள். என்ரை கையிலை இருந்த தேங்காயைப் பாத்தாள். பேந்து மாமியைப் பாத்தாள். ஒரு சிரிப்பு வரப் பாத்தது, அதை அப்பிடியே விழுங்கிப்போட்டுத் திறப்பைத் திருப்பினாள்.

பிள்ளையள், அந்தச் சத்தம்! படபடபட எண்டு வேலியெல்லாம் அதிருது. சண்முகத்தாற்றை லாண்ட்மாஸ்ரர் சத்தம் அதுக்குள்ளை கேக்கவேயில்லை.

ஆனால் ரீச்சர் நெத்தியைச் சுழிச்சா. துடக்கு வீட்டுக்காரி முதல் உழவு உழலாமோ எண்டு அவவுக்கு ஐமிச்சம். சயன்ஸ் ரீச்சர் எல்லே. விறாந்தைப் பக்கம் திரும்பி முளை விட்ட வெங்காயத்தைப் பாத்தா.

"மிசினுக்குத் துடக்கில்லைத்தானே," எண்டா. "நீ இறங்காமல் உழு, பிள்ளை."

கௌரி இறங்கேல்லை. மத்தியானத்துக்கிடையிலை செம்மண் புரண்டு பூ மாதிரிக் கிடந்தது. ரீச்சரின்ரை காணியோடை பக்கத்துக் காணிக்காரரும் அப்பிடியே எங்கடையையும் உழுதிட்டுப் போ எண்டிச்சினம். சண்முகத்தார் இஞ்சினை நிப்பாட்டினதை ஒருத்தரும் காணேல்லை.

பின்னேரம் கிணத்தடியிலை கால் கழுவேக்கை கௌரி எனக்கு விளங்கப்படுத்தினாள். அந்தச் சிவப்புக் குமிழ்தான் இஞ்சினை நிப்பாட்டுறது. வெளியிலை இழுத்தால் டீசல் போறது நிண்டிடும். அவள் ஒவ்வொரு முறையும் அதை உள்ளுக்கை தள்ளிப்போட்டுத்தான் திறப்பைத் திருப்புறவள். ஆனால் ஸ்ராட்டர் சுத்த மிசின் குலுங்கும், குலுங்கத் தேங்காய் ஆடும், தேங்காய் குமிழை வெளியிலை இழுக்கும். அந்தக் குலையே மறைச்சுக்கொண்டு நிண்டதாலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. திருநீறு மட்டும் இருக்கேக்கை கொஞ்சம் இழுத்தது, கொஞ்சம் கஷ்டம். தேங்காய் வந்தாப்போலை முழுக்க இழுத்தது, முழுக்கக் கஷ்டம். மீன் நாளிலை குலை சாமியறையிலை. சின்னராசு வந்த அண்டைக்கோ சம்பந்தியம்மாவின்ரை நெஞ்சிலை.

நான் கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன். பேந்து யோசிச்சன். இந்தப் பிள்ளை ட்ரக்டரிலை ஏறின நாள் தொடக்கம் எல்லாரும் அவளுக்கும் எதையோ கொழுவிக்கொண்டுதானே இருந்தினம்? அந்தப் பக்கம் போகாதை, பொழுதுபடமுந்தி வா, ஆம்பிளையள் நிக்கிற இடத்திலை நிப்பாட்டாதை... ஒருத்தரும் கெட்டதுக்குச் சொல்லேல்லை. எல்லாம் பாசம்தான், எல்லாம் காவல்தான். எல்லாத்தையும் நிப்பாட்டுற குமிழிலை கொண்டுபோய்த் தொங்கவிட்டிட்டு, ஏன் எழும்புறாளில்லை எண்டு சுத்தி நிண்டு பாக்கிறம்.

கௌரி மாமியைக் கூட்டிக்கொண்டு போய்க் குமிழைக் காட்டினாள். இழுத்துக் காட்டினாள், தள்ளிக் காட்டினாள். சம்பந்தியம்மா தொடாமல் தள்ளி நிண்டு எல்லாத்தையும் வடிவாய்ப் பாத்தா. பாத்திட்டு, ஓம், விளங்குது எண்டா. தேங்காயைக் கழட்ட வைக்கத்தான் தன்ரை பேரன் அந்த நேரம் பாத்துப் பிறந்தவனாம்.

விக்கிற கதை அதோடை நிண்டுபோச்சு. மருமகனும் போனிலை ஓம் எண்டிட்டார்.

இண்டைக்கும் வெள்ளிக்கிழமை. காலமை ஆறுதலாய்ப் போய்ப் பாத்தன். கௌரி திறப்பைத் திருப்ப மிசின் ஒரே அடியிலை எழும்பிச்சுது. சம்பந்தியம்மா முன்னாலை ஓடிப்போய்ப் படலையை அகலத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஒழுங்கையிலை சண்முகத்தார் லாண்ட்மாஸ்ரரோடை குறுக்கை நிக்கிறதைக் கண்டிட்டு, விலத்து தம்பி, என்ரை மருமகள் வாறா எண்டு மனிசி போட்ட சத்தத்திலை அவர் வேலியோடை ஒட்டிட்டார்.

துடக்கு முடியுமட்டும் கோயிலுக்குப் போகேலாது எண்டுதான் சம்பந்தியம்மா பொறுத்துக்கொண்டு நிக்கிறா... இல்லாட்டில் தானே ட்ரக்டரிலை ஏறிக் கோயிலடிக்கு ஓடியிருப்பா.